முகமாலை அரண் எதைக் காத்தது?

2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. அடுத்த சில மாதங்களில் சாவகச்சேரி கைமாறி, மீண்டும் கைமாறி, இடிபாடாயிற்று. அதன் பின்னரே கிளாலிக் களப்புக் கரையிலிருந்து முகமாலை ஊடாக நாகர்கோவில் கடற்கரை வரை முன்னரங்க நிலைகள் இறுகின. படையினருக்கு அது யாழ்ப்பாணத்தைக் காக்கும் வாயில். புலிகளுக்கோ வன்னியைக் காக்கும் வேலி.

மண் அணை, அதனையொட்டிக் காவலரண்கள், முன்னே முட்கம்பி, அதற்கும் அப்பால் மிதிவெடி. காவலரண்களுக்குக் கூரையும் சுவரும் பனங்குற்றிகள். பனை வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும். தறிப்பதற்கு அரை மணி நேரமே போதும். பாட்டன் காலத்து வடலி பேரன் காலத்தில் பதுங்குகுழிக்குக் கூரையாயிற்று. அந்தப் பனை யாருடையது என்று இரு தரப்பில் எவரும் கேட்டதாக நான் அறியேன்.

2001 ஏப்ரலில் 'தீச்சுவாலை' நடவடிக்கை இங்கேதான் முறியடிக்கப்பட்டது. 2006 ஒக்ரோபர் 11இல் சில மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட படையினர் மாண்டனர். 2008 ஏப்ரலிலும் பேரிழப்பு. இத்தனை உயிர் குடித்த அரண், 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்ததும் பொருளற்றுப் போயிற்று. பின்புறம் திறந்துவிட்ட நிலையில் புலிகள் அதனைக் கைவிட்டுப் பின்வாங்கினர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2002 ஏப்ரலில் திறக்கப்பட்ட முகமாலைப் பாதை 2006 ஓகஸ்ட் 11இல் மூடப்பட்டது. அதன்பின் அரிசிக்கும் மருந்துக்கும் குடாநாட்டு மக்கள் கப்பலையே பார்த்திருந்தனர். குடாநாட்டைக் காப்பதாகச் சொன்ன அரண் குடாநாட்டையே பூட்டிவைத்தது.

அரணைக் கட்டியவர்களின் கணக்கு 2009உடன் தீர்ந்தது. காணிக்காரரின் கணக்கு தீரவில்லை. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்பும் முகமாலை மணலை ஆட்கள் முழந்தாளிட்டுச் சிறிது சிறிதாகக் கிளறி மிதிவெடி எடுக்க நேர்ந்தது. அப்பணியில் ஈடுபட்டோரில் பெண்களும் பலர். செலவின் பெரும்பங்கை வெளிநாடுகளே கொடுத்தன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்ததோ 2017 டிசெம்பரில்தான்.

காணியை மீட்டுக் கொடுத்தாயிற்று என்று ஒரு பத்திரத்தை நீட்டுவதோடு அரசின் கடமை முடியாது என்பது என் கருத்து. வீட்டுக்கும் கிணற்றுக்கும் போலவே தறிக்கப்பட்ட ஒவ்வொரு பனைக்கும் தென்னைக்கும் விலை குறித்து இழப்பீடு வழங்கவேண்டும். இன்று ஊன்றும் பனம்விதை பயன்தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளேனும் செல்லும். மீளக் குடியேறியவர் அதுவரை எதைக்கொண்டு சீவிப்பது?