சாவி யார் கையில்?



வங்கிக்கோ, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, மின்கட்டண மையத்துக்கோ சென்று, வரிசையில் கால்கடுக்க நின்று, நம் முறை வந்ததும் "சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பாதவர் நம்மில் எவரேனும் உண்டா? நமக்குக் கோபம் வருகிறது. எதிரே அமர்ந்திருக்கும் எழுத்தர் மீது அதைக் கொட்டுகிறோம். அவரோ நம்மினும் பரிதாபத்துக்குரியவர். தம் முன்னாலிருக்கும் பெட்டி ஏன் நின்றது என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய மேலாளருக்கும் தெரியாது. பழுது பார்க்க வரும் இளைஞரும் "அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்பதற்கு மேல் பல வேளைகளில் சொல்ல வழியற்றவராய் நிற்கிறார். பணம் கொடுத்து வாங்கிய கருவி. அன்றாடம் கைபடும் கருவி. ஆயினும் அதனுள் நடப்பதை அறியும் உரிமை அதை வாங்கியவருக்கு இல்லை. இந்நிலை எப்படி வந்தது? இதற்கு மாற்று உண்டா? இம்மாதம் இதைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

தையற்கலைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பொறியில் நூல் அடிக்கடி அறுந்தால் அவர் மூடியைக் கழற்றுகிறார், எண்ணெய் விடுகிறார், ஊசியை மாற்றுகிறார். தம்மால் ஆகாதபோது அடுத்த தெருவிலுள்ள மெக்கானிக்கை அழைக்கிறார். பொறியைச் செய்த நிறுவனத்தின் அனுமதியை அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. மூடிக்கு முத்திரையிட்டு, "இதை நாங்கள் மட்டுமே திறப்போம், நீங்களோ மற்றவரோ திறப்பது குற்றம்" என்று எழுதி ஒட்டியிருந்தால் அப்பொறியை அவர் வாங்குவாரா?

கணினி விஷயத்தில் நாம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கே இயக்கி, மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் அடித்தளமாக நிற்பது இயங்குதளம். விண்டோஸ் என்பது அத்தகைய ஓர் இயங்குதளம். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் எழுதப்படும் மூல நிரல், பின்னர் பொறிக்கு மட்டுமே விளங்கும் வடிவுக்கு மாற்றப்படுகிறது. விண்டோஸை வாங்குவோருக்குக் கிடைப்பது இந்தப் பிந்தைய வடிவம் மட்டுமே. மூல நிரல் உரிமையாளரிடமே தங்கிவிடுகிறது. நாம் பெறுவது ஓர் அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான்.

இதற்கு மறுப்பு எழுந்த இடமும் ஓர் அலுவலகம்தான் என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் பணியாற்றி வந்தார். அங்கே பலருக்கும் பொதுவாக ஓர் அச்சுப்பொறி வேறொரு தளத்தில் இருந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் எவருக்கும் தெரியாது. அச்சுக்கு அனுப்பிவிட்டு நெடுநேரம் கழித்துச் சென்று பார்த்தால் ஒரு பக்கமும் வந்திருக்காது. பழைய அச்சுப்பொறியின் மூல நிரல் கையில் இருந்ததால், காகிதம் சிக்கியவுடன் காத்திருப்போருக்குக் கணினித் திரையில் செய்தி வரும்படி ஸ்டால்மன் அதைத் திருத்தியிருந்தார். 1980-ஆம் ஆண்டு வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. ஆனால் மூல நிரல் தரப்படவில்லை. அந்நிரல் தம்மிடம் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரை அவர் நாடியபோது, வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். பழுதைச் சரிசெய்யும் திறமை இருந்தது, நேரமும் இருந்தது, அனுமதிதான் இல்லை.

அந்த மறுப்பு ஸ்டால்மன் மனத்தில் ஆழப் பதிந்தது. 1983-ஆம் ஆண்டு செப்டம்பரில், எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய முழுமையான இயங்குதளம் ஒன்றை உருவாக்கப் போவதாக அவர் அறிவித்தார். அதற்குக் குனூ என்று பெயரிட்டார். 1989-இல் அதற்கென ஒரு பொது உரிமம் வகுத்தார். எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தும் உரிமை, உள்ளே ஆராய்ந்து மாற்றும் உரிமை, படியெடுத்துப் பிறருக்கு வழங்கும் உரிமை, மாற்றியதையும் வழங்கும் உரிமை ஆகிய நான்கும் அதில் உறுதி செய்யப்பட்டன. மாற்றியதை வழங்குவோர் இதே உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவர், 21 வயதான லினஸ் டார்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகுக்குத் தெரிவித்தார். அடுத்த ஆண்டே அதையும் அந்தப் பொது உரிமத்தின் கீழ் கொணர்ந்தார். அதுவே லினக்ஸ்.

இன்று உங்கள் கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்குமானால் அதன் கருவாக இயங்குவது லினக்ஸே. உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவை. இத்துணை பரவிய ஒன்று அலுவலக மேசையில் மட்டும் ஏன் அரிதாக இருக்கிறது? திறமைக் குறைவு காரணமன்று. பழக்கமும் அச்சமுமே பெருங்காரணம்.

மூடிய பெட்டியை நம்பியிருப்பதன் விலையை நாம் இருவகையில் கொடுக்கிறோம். முதலாவது, நம் கையை மீறிய தடங்கல். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய குறையுள்ள ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். குறை அப்பாதுகாப்பு மென்பொருளுடையது; இயங்குதளத்தின் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. ஆனால், தம் அலுவலகக் கணினிக்குள் என்ன நுழைகிறது, எப்போது நுழைகிறது என்பதைத் தீர்மானிக்கும் சாவி தம்மிடம் இல்லை என்பதை அன்று பல நிறுவனங்கள் உணர்ந்தன.

இரண்டாவது, காலக்கெடு. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அன்றே அக்கணினிகள் நின்றுவிடவில்லை. ஆனால் நீட்டிப்புத் திட்டத்தில் சேராதவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், அது குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் கேட்கிறது. நன்றாக இயங்கும் எத்தனையோ கணினிகள் அந்த அளவுகோலில் தகுதியிழந்தன. ஜெராக்ஸ் கடை நடத்தும் சகோதரருக்கும், பத்துக் கணினிகளைக் கொண்டு பாடம் நடத்தும் பள்ளிக்கும் இது சிறிய செய்தியா? பழுதே இல்லாத பொருளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியது வாங்கும்படி ஆவது எவ்வகைச் சிக்கனம்?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. இத்தகைய செலவைத் தவிர்க்க உரிமம் பெறாத பிரதிகளைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மூர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் உண்டு. பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுத்தாள்வது முறையாகாது. மேலும், அப்பிரதிகளோடு தீய நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நேர்மையாகவே விலையின்றிப் பெறக்கூடிய ஒன்று இருக்கும்போது அந்தப் பாதை நமக்கு எதற்கு?

"ஏட்டில் நன்றாக இருக்கிறது, நடைமுறைக்கு ஒத்துவருமா?" என்று நீங்கள் கேட்கலாம். அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளைப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. 2019-இல் பள்ளிகளுக்கென்றே அமைக்கப்பட்ட லினக்ஸ் பதிப்பு வெளியானபோது, அது சுமார் 2 லட்சம் கணினிகளுக்குப் பயன்படும் என்றும் அதனால் ரூ.3,000 கோடி மிச்சமாகும் என்றும் அத்திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனம் கூறியது. தமிழகத்திலும் முன்முயற்சிகள் இருந்தன. சென்னையிலுள்ள சி-டாக் மையம் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் பதிப்பை 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் சேர்த்து வழங்கப்பட்டது. மடிக்கணினி பெற்ற எத்தனை வீடுகளில் அதைத் திறந்து பார்த்திருப்போம்?

பிரான்சு நாட்டின் ஜாந்தார்மரி என்னும் காவற்படை காட்டிய வழி இன்னும் கவனிக்கத்தக்கது. அவர்கள் எடுத்த எடுப்பில் இயங்குதளத்தை மாற்றவில்லை. 2005-இல் எழுத்து, கணக்கு வேலைகளுக்கான மென்பொருளைத் திறந்த மூலத்துக்கு மாற்றினார்கள். பின்னர் இணைய உலாவியையும் மின்னஞ்சல் மென்பொருளையும் மாற்றினார்கள். பணியாளர் கை அவற்றில் பழகிய பிறகு, 2008-இல்தான் லினக்ஸைக் கொணரத் தொடங்கினார்கள். அன்றாடம் தொடும் மென்பொருள்கள் அப்படியே இருந்ததால் அடித்தளம் மாறியது அவர்களுக்குப் பெரும் அதிர்ச்சியாகவில்லை. இன்று அப்படையின் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன.

தோல்வியையும் சொல்லத்தான் வேண்டும். ஜெர்மனியின் முனிச் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. மைக்ரோசாப்டின் அன்றைய தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் நேரில் சென்று மேயரைச் சந்தித்தும் முடிவு மாறவில்லை. 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. ஆயினும் 2017-இல் அதே மாநகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. தலைமை மாறியதும், கணினி நிர்வாகம் பல துறைகளில் சிதறிக் கிடந்ததும், வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் சரியாகத் திறக்கவில்லை என்ற ஊழியர் மனக்குறையும் அதன் பின்னணியில் இருந்தன. அதற்குப் பின்னும் அந்நாட்டில் இம்முயற்சி ஓயவில்லை. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024-இல் சுமார் 30,000 கணினிகளை விண்டோஸிலிருந்து விடுவிக்க முடிவெடுத்தது. முனிச் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே: மென்பொருளை மாற்றினால் மட்டும் போதாது, அதைப் பேணும் ஆட்களையும் பயன்படுத்துவோரின் மனத்தையும் ஆயத்தம் செய்ய வேண்டும்.

"எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் என்றால் திருடனும் பார்ப்பானே!" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சிறு திறந்த மூல மென்பொருளுக்குள் ஒருவர் நயவஞ்சகமாகக் கள்ளவாசல் ஒன்றை வைத்திருந்தது வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது வழக்கத்தினும் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைத் துருவிச் சென்று கண்டுபிடித்தார். அவர் பணியாற்றியது மைக்ரோசாப்டில் என்பது சுவையான செய்தி. கதவு திறந்திருந்ததால் திருடன் நுழைந்தது உண்மை. அதே திறந்த கதவுதான் அக்கம்பக்கத்தார் அவனைப் பிடிக்கவும் உதவியது.

இனி, நம் கடையிலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ என்ன செய்யலாம்? உங்கள் கணினிகளில் அன்றாடம் நடக்கும் வேலைகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். கடிதம் எழுதுதல், பட்டியல் போடுதல், இணையம், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ், தண்டர்பேர்ட் போதுமானவை. அவற்றை இப்போதிருக்கும் விண்டோஸிலேயே விலையின்றி நிறுவிச் சில மாதங்கள் பழகுங்கள். பிறகு லினக்ஸ் பதிப்பு ஒன்றை யு.எஸ்.பி. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். உள்ளேயிருக்கும் விண்டோஸுக்கோ கோப்புகளுக்கோ மாற்றம் நேராது. அச்சுப்பொறி, ஸ்கேனர், தமிழ்99 விசைப்பலகை ஆகியவை இணங்குகின்றனவா என்று சோதியுங்கள். நிரந்தரமாக நிறுவுமுன் கோப்புகள் அனைத்தையும் தனியே படியெடுத்து வையுங்கள்.

சில இடங்களில் முழுமையாக மாற இயலாது. கணக்கு மென்பொருள்கள் சில விண்டோஸை மட்டுமே நம்பி எழுதப்பட்டவை. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும் அச்சகங்களும், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் கோப்புகளைச் சேர்த்து வைத்திருப்போரும் அவசரப்பட வேண்டாம். அத்தகைய வேலைக்கு ஒரு கணினியைப் பழையபடி வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றலாம். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற பிடிவாதம் இதில் தேவையில்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். லினக்ஸ் விலையின்றிக் கிடைத்தாலும் பராமரிப்பு இலவசமன்று. ஆனால் உரிமத்துக்கென்று செலவிட்ட பணத்தில் ஒரு பகுதியை நம் ஊரில் கணினி படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைக்குக் கொடுத்தால், பழுது பார்க்கும் கை நம் தெருவிலேயே உருவாகும். தையற்பொறிக்கு அடுத்த தெருவில் மெக்கானிக் கிடைப்பது போலக் கணினிக்கும் கிடைப்பார்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை கணினியோ மென்பொருளோ வாங்கச் செல்லும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "இது பழுதானால் இதைத் திறக்கும் உரிமை யாருக்கு? எத்தனை ஆண்டுகளுக்கு இது இயங்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார்?" என்றும் கேளுங்கள். வீட்டை விலைக்கு வாங்கிவிட்டுச் சாவியை விற்றவரிடமே விட்டுவருவோர் நம்மில் எவரும் இல்லை. நம் பிழைப்பும் பிள்ளைகளின் படிப்பும் நடக்கும் கருவிக்கு மட்டும் ஏன் அப்படி விட்டுவர வேண்டும்?

சிந்திப்போம், சிறிய அளவிலேனும் இன்றே தொடங்குவோம்.