குழு என்பது ஒரு பேரா?

முதலில் உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை.

1969 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஒரு பால் பண்ணைக்காரரின் நிலத்தில் ஒரு பாட்டுத் திருவிழா நடந்தது. உட்ஸ்டாக். நாலு லட்சம் பேருக்கு மேல் மழையிலும் சேற்றிலும் உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே பாடியவர்கள் யார் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லிவிடலாம். ஜோன் பேயஸ் முதல் நாள் ராத்திரி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கடைசியாக, திங்கட்கிழமை காலையில். நம்ம ரவிசங்கர்கூடப் போய் சிதார் வாசித்தார். யாருக்கு எத்தனை டாலர் பேசினார்கள் என்கிற பட்டியல்கூட புத்தகங்களில் கிடைக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வாங்க. 2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியது. பூங்காவிலும் கடற்கரையிலும் தெருமுனையிலும் பறை, கரகம், ஒயிலாட்டம், தேவராட்டம் என்று ஊரே அதிர்ந்தது. நீங்களும் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். அங்கே ஆடியவர்களில் ஐந்து பேர் பெயரைச் சொல்லுங்க பார்ப்போம்.

சினிமாவில் பாடியவர்கள், டி.வி.யில் வந்தவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். மற்றவர்களில் ஐந்து பேர். வேண்டாம், ஒருத்தர்?

வெட்கப்படாதீங்க, எனக்கும் தெரியாது. பத்திரிகைக்காரனான எனக்கே தெரியாது என்பதுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்த காரணம்.

போன மாதம் போடி பக்கம் சிலமலைக்குப் போயிருந்தேன். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுகிற பகுதி அது. அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தேன். நாற்பது வருஷமாகத் தப்பு அடிக்கிறவர். மருமகள் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போயிருந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில்.

பேச்சுவாக்கில், பெரியவர் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பேப்பரை எடுத்துக் காட்டினார். சென்னையில் ஒரு பெரிய விழாவுக்குப் போனபோது பேப்பரில் வந்த படம். எந்த விழா என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லா விழாவிலும் கதை இதுதான். நல்ல படம். கால் தரையில் இல்லை, அந்தரத்தில் நிற்கிறார். கீழே எழுதியிருந்தது: 'கிராமியக் கலைஞர்களின் உற்சாக ஆட்டம்.'

"போட்டோ நல்லாத்தான் எடுத்திருக்காக தம்பி. எம்பேரத்தான் போடல" என்றார்.

"சர்ட்டிஃபிகேட் குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாக. குழு பேருக்கு ஒண்ணு. அது வாத்தியார் வீட்ல இருக்கு."

"பணம்?"

"அதுவும் குழு பேருக்குத்தான். வாத்தியார் பிரிச்சுக் குடுத்தாரு. எவ்வளவு வந்துச்சுன்னு நான் எங்க கேக்க?"

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று புத்தி போகும். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. அங்கே வருகிற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு லாட் நம்பர் உண்டு. எடை உண்டு. என்ன விலைக்குப் போனது என்று பதிவு உண்டு. இந்த மலைச்சரிவில் விளைகிற காய்க்கு இருக்கிற கணக்கு, இந்த மலையடிவாரத்தில் பிறந்த கலைஞனுக்கு இல்லை.

"சார், அது கூட்டுக்கலை. குழு பேரைப் போட்டால் போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கிரிக்கெட்டும் கூட்டு ஆட்டம்தான். பதினோரு பேர் பெயரையும் ஸ்கோர்போர்டில் போடுகிறோம். பன்னிரண்டாவதாகத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் பெயரும் நமக்குத் தெரியும். டிசம்பர் சபாக் கச்சேரி நோட்டீஸைப் பாருங்கள். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். அது தப்பென்று சொல்லவில்லை. அதுதான் சரி. அந்தச் சரி ஏன் கரகத்துக்கும் தப்புக்கும் வரும்போது காணாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி.

பதில் உங்களுக்கும் தெரியும். பல ஊர்களில் சாவு வீட்டுக்குத் தப்படிக்கக் கூப்பிடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "ஏய்", "டேய்" அல்லது சாதிப் பெயர். வயசில் இளையவன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். பெரியவரின் மகன் தப்பைத் தொட மாட்டேன் என்று திருப்பூருக்கு ரயில் ஏறியதற்குக் காரணம் கலை பிடிக்காததல்ல, இந்த "ஏய்"தான். அந்த "ஏய்"யிலிருந்து தப்பித்து நகரத்து மேடைக்கு வந்தால், இங்கே நாம் மரியாதையாகக் கூப்பிடுகிறோம்: "குழு." ஊரில் சாதி அவர் பெயரைத் தின்றது. நகரத்தில் நம்முடைய ரசனை தின்கிறது.

விழாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சங்கமம் மாதிரி விழாக்கள் பூட்டிக் கிடந்த கலையை நடுரோட்டுக்குக் கொண்டுவந்தன. ஆனால் 2011-ல் ஆட்சி மாறியது, சங்கமம் நின்றது. 2023 பொங்கலுக்குத்தான் திரும்ப வந்தது. நடுவில் பன்னிரண்டு வருஷம். ஒரு கரகாட்டக்காரரின் ஆடுகிற வயசே அவ்வளவுதான். அதற்குள் 2020, 2021 என்று இரண்டு சித்திரையை கொரோனா கொண்டுபோனது. நின்ற வருஷங்களில் இவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று யாராவது தேடிப்போக வேண்டுமென்றால் பெயரும் ஊரும் தெரிய வேண்டாமா? 'தேனி மாவட்டக் குழு' என்கிற விலாசத்துக்கு எந்தத் தபால்காரர் போவார்?

விருதே கொடுக்கவில்லையா என்பீர்கள். கொடுத்தார்கள். மதுரை வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பறைக்குக் கிடைத்த பெருமை. சந்தோஷம். ஆனால் ஒரு பெயர் டெல்லி வரைக்கும் போனதால், பின்னால் நிற்கிற ஆயிரம் பேர் பெயர் நோட்டீஸுக்குள் வந்துவிட்டதா?

இதே தேனி மாவட்டத்திலிருந்து ஒரு உதாரணம். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் மலை ஏறிப்போய் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடினார். இன்றைக்கும் அதைப் பேசுகிறோம். அவர் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். கூடவே திரிந்த தம்பி பின்னாளில் இளையராஜா ஆகாமல் இருந்திருந்தால், அந்தப் பெயர் உங்கள் வரைக்கும் வந்திருக்குமா? அந்தக் காலத்து மேடைகளில் பாடிய மற்றவர்கள் யார்? தெரியாது. அவர்களுக்கு அப்படி ஒரு தம்பி இல்லை.

நான் கேட்பது கோடிக்கணக்கில் செலவாகிற காரியமில்லை. ஒன்று, விழா நோட்டீஸிலும் மேடை அறிவிப்பிலும் ஆடுகிற ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் வரவேண்டும். இரண்டு, சம்பளம் அவரவர் வங்கிக் கணக்கில் நேராகப் போகவேண்டும். குழுவுக்கு மொத்தம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும். மூன்று, எந்த வருஷம் எந்த மேடையில் யார் ஆடினார் என்று ஒரு பதிவேடு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியமே இருக்கிற மாநிலம் இது. ஒரு பதிவேடு போட ஆகிற செலவு, மேடைக்குப் பின்னால் வைக்கிற ஃப்ளெக்ஸ் பேனர் செலவைவிடக் குறைவு. அந்த பேனரில் மட்டும் ஒரு பெயர் விடாமல் இருக்கும், பட்டம் சகிதம்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த பொங்கலுக்குப் பூங்காவில் பறை அதிரும். நீங்கள் செல்போனை உயர்த்திப் படம் எடுப்பீர்கள். எடுங்கள். ஆட்டம் முடிந்து அவர் வேர்வையைத் துடைக்கும்போது பக்கத்தில் போய், "அண்ணே, உங்க பேரு என்ன? எந்த ஊரு?" என்று கேளுங்கள். பிறகு படத்தை யாருக்கு அனுப்பினாலும் அந்தப் பெயரோடு அனுப்புங்கள்.

சிலமலையில் கிளம்பும்போது நானும் பெரியவரிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். "பத்திரிகையில போடலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இப்பிடிப் பாவப்பட்டவன்னு போடவேணாம் தம்பி. நான் அடிக்கிறப்ப வந்து கேட்டுட்டுப் போடுங்க."

அதனால்தான் இந்தப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு மறுபடியும் போகிறேன்.