ஹெட்டர் மாட்டினா வண்டி பறக்குமா?

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் பழைய எம்.ஜி.பி. கார் ஒண்ணு வாங்கினார். வாங்கின அன்னிக்கு ராத்திரியே போன். "மச்சி, மொத வேலையா ஒரு ஹெட்டர் மாட்டிடலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு சொல்லு." நான் "வேணாம்"னு ஒரே வார்த்தைல சொல்லிட்டேன். "ஏன்?"னு கேட்டார் பாருங்க, அதுக்கு பதில் சொல்ல முக்கால் மணி நேரம் ஆச்சு. அந்த முக்கால் மணி நேரத்தத்தான் இங்க எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை யாராவது கேட்டா "இதப் படிச்சுக்கோங்க சாமி"ன்னு சொல்லிட்டுப் பொட்டி தட்டற வேலையப் பாக்கலாம்ல :-)

ஹெட்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. எஞ்சின்ல எரிஞ்சு முடிஞ்ச புகை சிலிண்டர் ஹெட்டை விட்டு வெளிய வந்ததும் முதல்ல நுழையற இடம் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. கம்பெனி குடுக்கறது வார்ப்பிரும்புல, தடிமனா, கொஞ்சம் அசிங்கமா இருக்கும். அதக் கழட்டிட்டு, வளைச்ச இரும்புக் குழாய்கள பத்த வச்சு செஞ்ச ஒண்ணை வெளியில வாங்கி மாட்டறாங்க. அதுதான் ஹெட்டர். பாக்க பாம்பு பின்னிக்கிட்ட மாதிரி அழகா இருக்கும். விளம்பரத்துல "கூடுதல் சக்தி"ன்னு போட்டிருப்பாங்க.

நானும் அந்த அழகுல விழுந்தவன்தான். என்கிட்ட இருக்கறது 1972 எம்.ஜி.பி. ஜி.டி. இங்கிலாந்து வந்து ரெண்டு வருஷம் காசு சேத்து வாங்கினது. இத்தனை கார் இருக்க இது ஏன்னு கேட்டா, காரணம் அப்பா. அவர் திண்டுக்கல்ல இருபது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர். பெட்ரோல் அம்பாசடர்ல ரொம்ப காலம் இருந்த 1489 சிசி எஞ்சினும், எம்.ஜி.பி.ல இருக்கற 1798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். பி.எம்.சி. பி சீரிஸ். பானட்டைத் திறந்தா எனக்கு எங்க ஊர் டாக்ஸி ஸ்டாண்டு வாசனை அடிக்கும்.

ஒரு சனிக்கிழமை, குளிர்ல வெரலெல்லாம் மரத்துப் போக, ஹெட்டரை மாட்டினேன். அம்பது வருஷத் துரு புடிச்ச ஸ்டட் ரெண்டு உடைஞ்சுது. அத வெளிய எடுக்கவே ஞாயித்துக்கிழமை போச்சு. திங்கக்கிழமை ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் கொஞ்சம் மாறியிருந்தது. வார்ப்பிரும்போட அமுக்கமான சத்தம் போய், தகர டப்பால கல்லு போட்டு ஆட்டற மாதிரி ஒண்ணு. "இதான்டா பவர்"னு நானே சொல்லிக்கிட்டேன்.

பவர் வந்துச்சான்னு பாக்கணும்ல? ஹெட்டர் மாட்டறதுக்கு முன்னாடியே எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு மேட்டுல, ஒரே கியர்ல, கீழேர்ந்து மேல வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மூணு தடவை குறிச்சு வச்சிருந்தேன். மாட்டின அப்புறம் மறுபடி மூணு தடவை. ரெண்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம், நான் ஸ்டாப்வாட்ச் அழுத்தறதுல வர்ற பிழையவிடக் கம்மி. அதாவது பூஜ்யம்.

ஏன் பூஜ்யம்னு தேடிப் படிச்சப்பதான் வெக்கமா இருந்துச்சு. கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இங்கதான் விஷயமே இருக்கு.

பி சீரிஸ் எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், ஆனா புகை வெளியேற மூணே மூணு ஓட்டை. 1-க்கு ஒண்ணு, 4-க்கு ஒண்ணு, நடுவுல 2-ம் 3-ம் சேந்து ஒண்ணு. எரியற வரிசை 1-3-4-2. இந்த வரிசைல 3-க்கும் 2-க்கும் நடுவுல சரியா ஒரு முழு சுத்து, 360 டிகிரி, இடைவெளி இருக்கு. 1-க்கும் 4-க்கும் அதே கதைதான். அதனால நடு ஓட்டைய ஒரு குழாயாவும், ஓரத்து ரெண்டையும் சேத்து இன்னொரு குழாயாவும் கொண்டு போனா, ஒருத்தர் புகை இன்னொருத்தர் வழில குறுக்க வராது. நல்ல ஹெட்டர் இதத்தான் செய்யும்.

சரி, கம்பெனி குடுத்த அந்த அசிங்கமான வார்ப்பிரும்பு என்ன செய்யுதுன்னு நினைக்கறீங்க? அதையேதான் செய்யுது! நடு ஓட்டை ஒரு குழாய், ஓரம் ரெண்டும் சேந்து ஒரு குழாய், ரெண்டும் தனித்தனியா கீழ இறங்கி அப்புறமா ஒண்ணு சேருது. அப்போ அந்த டிராயிங் போர்டுல உக்காந்திருந்த ஆளுங்க ஒண்ணும் கேனையங்க இல்ல. எம்.ஜி.பி. எஞ்சின கரைச்சுக் குடிச்ச ஆளுங்க பல பேர் இந்த மேனிபோல்டை நல்ல டிசைன்னுதான் சொல்றாங்க.

ஹெட்டரோட இன்னொரு வித்தை, அலை. வால்வு திறந்ததும் கிளம்பற அழுத்த அலை குழாய் முடியற இடத்துல மோதி, உறிஞ்சற அலையா திரும்பி வரும். புகை வால்வு மூடறதுக்குள்ள, உள்ள இழுக்கற வால்வும் கொஞ்சம் திறந்திருக்கற அந்த நொடியில வந்து சேந்துச்சுன்னா, மிச்சப் புகைய வெளிய இழுத்து புதுக் கலவைக்கு இடம் பண்ணிக் குடுக்கும். கேக்க ஜோரா இருக்குல்ல? ஆனா இது எல்லா வேகத்துலயும் நடக்காது. குழாய் நீளத்துக்கு ஏத்த ஒரு ஆர்.பி.எம். எல்லைலதான் நடக்கும். ரெண்டு வால்வும் சேந்து திறந்திருக்கற நேரம் அதிகமா உள்ள ரேஸ் கேம் ஷாஃப்டுக்குத்தான் இதுல பெரிய லாபம். கம்பெனி கேம் போட்டு, கடைக்குப் போய்ட்டு வர்ற வண்டிக்கு அந்த அலை வந்தா என்ன, வராட்டி என்ன.

லாபம் பூஜ்யம்னா சரி, காசு போச்சுன்னு விட்டுடலாம். நஷ்டமும் இருந்துச்சு.

முதல் நஷ்டம் சூடு. இந்த எஞ்சின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒண்ணுக்கு மேல ஒண்ணு. நடுவுல ஒரு தகட்டு மறைப்பு, அவ்வளவுதான். மெல்லிசான குழாய் தடிமனான வார்ப்பிரும்பைவிட அதிக சூட்டை பானட்டுக்குள்ள கொட்டும். கோடைல வண்டிய அஞ்சு நிமிஷம் நிறுத்தினா, மிதவைக் கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் கொதிச்சு, மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இங்க 2021 செப்டம்பர்லேர்ந்து சாதாரண பெட்ரோல்ல 10 சதவீதம் வரைக்கும் எத்தனால். அது இந்தக் கொதிப்பை இன்னும் சுலபமாக்குது. சூப்பர் மார்க்கெட் வாசல்ல பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு பால் பாக்கெட்டோட இருபது நிமிஷம் நின்ன அனுபவம் எனக்கு மூணு தடவை உண்டு.

ரெண்டாவது நஷ்டத்தத்தான் இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது.

போன அக்டோபர்ல அப்பா வந்திருந்தார். எம்.ஜி.பி. உருவான ஆபிங்டன் ஊரைக் காட்டணும்னு ஆசை. அந்தத் தொழிற்சாலை 1980-லயே மூடியாச்சு, இருந்தாலும் மண்ணையாவது மிதிச்சிட்டு வரலாம்னு கிளம்பினோம். மழை. கண்ணாடியெல்லாம் ஏத்தி, ஹீட்டரைப் போட்டு, எம்40-ல ஒரு மணி நேரம். அப்பா வழக்கமா சும்மா இருக்க மாட்டார், அன்னிக்குப் பேச்சே இல்ல.

"என்னப்பா, தூக்கமா?"

"இல்லடா தம்பி, தலை வலிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. ஓரமா எங்கயாச்சும் நிறுத்து."

சர்வீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தினேன். வெளிக்காத்து பட்டதும் அவருக்கு சரியாச்சு. அப்புறம் அவரே "எஞ்சினை ஆஃப் பண்ணாத"ன்னு சொல்லிட்டு பானட்டைத் திறக்கச் சொன்னார். குனிஞ்சு காதை வச்சார். இருபது வருஷ டாக்ஸிக்காரக் காது. "டேய், மேனிபோல்டு ஊதுதுடா. டிக்கு டிக்குங்குது பாரு. இந்தப் புகையத்தான் ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் குடிச்சிட்டு வந்திருக்கோம்."

அந்த டிக் டிக் எனக்கும் ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. டாப்பெட் சத்தம்னு நெனச்சு விட்டுட்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்ல, மணம் இல்ல. அப்பா அன்னிக்கு தலை வலிக்குதுன்னு வாய் தொறந்து சொல்லலேன்னா, என் தலையும் கிறுகிறுத்து எழுபது மைல் வேகத்துல என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே புடிக்கல.

காரணம் என்ன தெரியுமா? ஒரு வாஷர். இந்த எஞ்சின்ல இன்டேக் மேனிபோல்டையும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரே தடி வாஷர்தான் ரெண்டு விளிம்பையும் சேத்து அமுக்கிப் புடிக்கும். ரெண்டு விளிம்பும் ஒரே தடிமனா இருந்தாதான் அது நேரா உக்காரும். என் ஹெட்டரோட விளிம்பு இன்டேக்கைவிடக் கொஞ்சம் மெல்லிசு. வாஷர் சாஞ்சு உக்காந்து இன்டேக்கை மட்டும் அமுக்கிச்சு. ஹெட்டர் சும்மா தொங்கிக்கிட்டிருந்தது. நான் நட்டை முறுக்கி "டைட்டா இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டேன். நட்டு டைட்டுதான், குழாய் லூசு!

ஆபீஸ்ல பழைய கோடுல "இது எதுக்குன்னே தெரியல"ன்னு ஒரு வரியத் தூக்குவோம், ராத்திரி ரெண்டு மணிக்கு கிளையன்ட் கூப்பிடுவான். அதே தப்பை வண்டிலயும் பண்ணியிருக்கேன். ஒரே வித்தியாசம், கோடை பழையபடி மாத்திடலாம்.

அதனால என் கருத்து இதுதான். கம்பெனி கேம், கம்பெனி ஹெட், கம்பெனி கார்புரேட்டரோட இருக்கற எம்.ஜி.பி.க்கு ஹெட்டர் வேண்டாம். அந்தக் காசுல இக்னிஷன் டைமிங், வால்வு இடைவெளி, ரெண்டு கார்புரேட்டரையும் சமன் பண்றது, இத ஒழுங்கா செஞ்சா நெஜமாவே வண்டி முழிச்சுக்கும். எங்க அடைப்பு இருக்குன்னு அளக்காம எதையும் மாத்தாதீங்க.

"அப்போ ஹெட்டரே தப்பா?"ன்னா, இல்லவே இல்ல. கேம் மாத்தி, ஹெட்டைக் கடைஞ்சு, பெரிய கார்புரேட்டர் வச்சு ரேஸ் டிராக்ல ஓட்டறவங்களுக்கு அது தேவை. பழைய வார்ப்பிரும்பு விரிசல் விட்டு, மாத்து கிடைக்கலேன்னாலும் சரி. "எனக்கு சத்தம் புடிக்கும், அழகு புடிக்கும், அதுக்காகத்தான் மாட்டறேன்"னு சொல்றவங்களோடயும் எனக்குச் சண்டை இல்ல. நேர்மையான காரணம். பவருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க.

மாட்டியே தீருவேன்னா நாலு விஷயம். விளிம்பு சமதளமா இருக்கான்னு நேர்கோல் வச்சுப் பாருங்க. இன்டேக் விளிம்போட தடிமனை ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தா வாஷரைப் படி மாதிரி கடைஞ்சு போடுங்க. சில தடவை சூடேறி ஆறின அப்புறம் நட்டை மறுபடி முறுக்குங்க. கடைசியா, ப்ளக் நிறத்தைப் பாத்து கலவைய சரி பாருங்க.

இங்க 40 வருஷம் தாண்டின, பெரிசா மாத்தம் பண்ணாத கார்களுக்கு வருஷாந்தர சோதனை கட்டாயம் இல்லன்னு 2018 மே மாசத்துலேர்ந்து சட்டம். அதாவது, பழைய வண்டி வச்சிருக்கறவனுக்கு அவனேதான் இன்ஸ்பெக்டர். எனக்கு நான் நல்ல இன்ஸ்பெக்டரா இல்ல. அப்பா இருந்தார்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முதல் நாள் அவரும் நானும் சேந்துதான் பழைய வார்ப்பிரும்பைத் திரும்ப மாட்டினோம். கடைசி நட்டை அவர்தான் முறுக்கினார். ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டுட்டு, "ம்... இப்பதான்டா நம்ம வண்டி மாதிரி இருக்கு"ன்னார்.

பி.கு: ஹெட்டர் கராஜ் மூலைல தொங்குது. விக்க மனசு வரல. யாருக்காவது விக்கணும்னா அந்த வாஷர் கதையையும் சேத்து சொல்லணும். கேட்டுட்டு யாரு வாங்குவா :-)