ஆறவிட்ட கண்ணாடி



கடந்த மாதம் தம்பலகாமத்தில் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்தும் மழை விடவில்லை. தேநீர் குடித்தபடி காத்திருந்தோம். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பிள்ளை தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு பெண்ணின் நீண்ட உடுப்பு. துணியின் மடிப்பு, சுருக்கம், போர்த்தியிருந்த சால்வை எல்லாம் அப்படியே தெரிந்தன. ஆனால் அது துணியல்ல, முழுவதும் கண்ணாடி. உடுத்தியிருந்த ஆள் மட்டும் உள்ளே இல்லை.

படம் கைமாறி ஓர் அம்மாவிடம் போனது. அவருடைய மகன் காணாமற்போய் வருடங்கள் பலவாகிவிட்டன. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஆள் இல்லாமலே உடுப்பு நிக்குது, என்ன பிள்ளை?" என்று கேட்டார். பிறகு மெதுவாக, "என்ர பெட்டிக்குள்ளயும் அவன்ர சேட்டு ஒண்டு இருக்கு. ஆருக்கும் குடுத்திட்டு மறந்திடு எண்டு சனம் சொல்லுது. என்னால ஏலாம இருக்கு" என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த உடுப்பைப் பற்றித் தேடி வாசித்தேன். நான் அறிந்துகொண்டதை உங்களுடன் பகிரவே இந்த மாதப் பக்கம்.

அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில் கோர்னிங் என்றொரு சிறிய நகரம் உண்டு. கண்ணாடித் தொழிலால் வளர்ந்த ஊர். அடுப்பின் சூட்டைத் தாங்கும் பைரெக்ஸ் பாத்திரம் 1915இல் அங்கிருந்துதான் வந்தது. இன்று பல கைத்தொலைபேசிகளின் முகக் கண்ணாடியும் அதே நிறுவனத்தின் கண்டுபிடிப்பே. அந்த நிறுவனம் 1951இல் கண்ணாடிக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தது. 2015இல் அதனோடு புதிய கட்டடம் ஒன்று சேர்ந்தது. இக்காலக் கலைஞர்கள் கண்ணாடியில் செய்த சிற்பங்களுக்காகவே அங்கே வெள்ளைச் சுவர்களுடன் பெரிய கூடங்கள் உண்டு. கூரை வழியே இறங்கும் பகல் வெளிச்சத்தில் சிற்பங்களைப் பார்க்கலாம்.

நாங்கள் பார்த்த உடுப்பு அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. 2004இல் அதைச் செய்தவர் கரன் லாமொன்ட் என்ற அமெரிக்கப் பெண். கண்ணாடி வார்ப்பில் பேர்பெற்ற செக் நாட்டுக்கு 1999இல் போய், அங்கேயே தங்கி வேலை செய்தவர். அவர் செய்யும் உடுப்புகள் ஆளுயரமானவை. அச்செடுத்து, அதற்குள் கண்ணாடியை உருக்கி வார்க்கிறார்கள். உள்ளே இருந்த உடலின் வடிவம் கண்ணாடியில் பதிந்திருக்கும், உடல் இருக்காது.

வார்ப்பதைவிட அதைக் குளிரவைப்பதுதான் கடினமான வேலையாம். இதை எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் அரிக்கன் லாம்பு வைத்திருந்தவர்கள் நாங்கள். எரிகின்ற லாம்பின் சிமினியில் கூரை ஒழுக்கு ஒரு சொட்டு விழுந்தால் போதும், 'டிக்' என்று வெடித்துவிடும். தடித்த கண்ணாடியில் ஆபத்து இன்னும் அதிகம். வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்து இறுகிவிடும், உட்பக்கம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது பிறகு சுருங்கப் பார்க்கும்போது, இறுகிய வெளிப்பக்கம் இடம் கொடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஒருநாள், யாரும் தொடாமலே, அது பிளந்துவிடும்.

ஆகவே வார்த்த கண்ணாடியை வெளியில் எடுத்து வைப்பதில்லை. சூடான உலைக்குள்ளேயே வைத்து, உலையின் சூட்டைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். சின்னக் கிண்ணத்துக்குச் சில மணித்தியாலங்கள் போதும். பெரிய சிற்பத்துக்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள்கூட எடுக்கும்.

இதற்கு ஒரு பெரிய சாட்சி அந்த அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. வானத்தை ஆராயும் ஒரு தொலைநோக்கிக்காக, 200 அங்குலம், அதாவது ஏறத்தாழ 17 அடி அகலமான கண்ணாடி வட்டம் ஒன்றை 1934 மார்ச்சில் கோர்னிங்கில் வார்த்தார்கள். அச்சின் சில பகுதிகள் சூட்டில் கழன்று மிதந்ததால் அது பழுதாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று வார்த்தார்கள். அதை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம், பத்து மாதமளவு ஆறவைத்தார்கள். கலிபோர்னியாவின் பலோமார் மலையில் வானத்தைப் பார்ப்பது அந்த இரண்டாவது கண்ணாடிதான். பழுதான முதலாவதையும் அவர்கள் உடைத்தெறியவில்லை. அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, எங்கள் தமிழில் சூடு தணிவதையும் 'ஆறுதல்' என்கிறோம், புண் மாறுவதையும் 'ஆறுதல்' என்கிறோம், துக்கத்தில் பக்கத்தில் இருப்பதையும் 'ஆறுதல்' என்கிறோம். "மறந்திடு", "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல் சூடான சிமினியில் விழும் தண்ணீர்ச் சொட்டு. வெளியில் இறுகிப்போன எத்தனை பெண்களை எங்களுக்குத் தெரியும்? "அவளுக்கு ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறாள்" என்று ஊர் சொல்லும். உள்ளே இருக்கும் இழுவை அவளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆறவைப்பது என்றால் தனியே விட்டுவிடுவதல்ல. சுற்றிவரச் சூடு இருந்தால்தான் கண்ணாடி மெல்ல ஆறும். எங்கள் கூட்டங்களும், ஒன்றாய்க் குடிக்கும் தேநீரும் அந்த உலைச் சூடுதான்.

அதே சேகரிப்பில் லைசா லூ என்ற கலைஞரின் வேலையும் உண்டு. நாற்பத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்புக் கண்ணாடி மணிகளைக் கோத்து, ஒரு மைல் நீளக் கயிறாக்கிச் சுருட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். தென்னாபிரிக்காவின் குவாசூலு நேட்டால் பகுதிச் சூலு இனப் பெண்கள் அவரோடு சேர்ந்து, 2006 முதல் 2008 வரை கையாலேயே கோத்தது அது. பலர் கூடி மணிமணியாய்ச் செய்ததில் ஒரு மைல் வளர்ந்தது.

மணி எங்களுக்கும் புதிதல்ல. மன்னார்க் கரையில் மாந்தையிலும், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் மண்ணைத் தோண்டியபோது பழைய கண்ணாடி மணிகள் ஏராளமாய்க் கிடைத்தன. அப்படிப்பட்ட சிறு மணிகள் பண்டைக் காலத்தில் கப்பலேறி, கடல் கடந்து தூர தேசங்களுக்குப் போயிருக்கின்றன. எங்கள் கைகளில் உடைக்கப்பட்ட கண்ணாடிக் காப்புகளுக்கும் அந்த மணிகளுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், மணல். உடைந்த கண்ணாடியையும் உலையில் போட்டால் மீண்டும் உருகும்.

கோர்னிங்குக்கு நாங்கள் போகப்போவதில்லை. ஆனால் ஆள் இல்லாத ஓர் உடுப்பை அங்கே கூடத்தில் வைத்து மதிக்கிறார்கள் என்று அறிவது எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் நாட்டிலும் 2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. காணாமற்போனவரை 'இறந்தவர்' என்று பதிய மனம் ஒப்பாத குடும்பங்கள், அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெற அது வழிசெய்தது. எந்தச் சான்றிதழை எடுப்பது, எப்போது எடுப்பது, எடுக்காமலே விடுவதா என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்கட்டும். பெட்டிக்குள் இருக்கும் சேட்டை என்ன செய்வது என்பதும் அப்படித்தான்.

இந்த மாதக் கூட்டத்துக்கு அந்த அம்மா சேட்டைக் கொண்டுவந்தார். நீலக் கோடு போட்டது, ஒரு பொத்தான் இல்லை. கையில் வாங்கிப் பார்த்த ஒரு சகோதரி, "பொத்தான் ஒண்டு தைச்சுத் தரட்டோ அம்மா?" என்று கேட்டார். "வேண்டாம் மகள், அவன் போட்டிருந்த மாதிரியே இருக்கட்டும்" என்றார் அம்மா. சேட்டு எல்லோர் கையிலும் ஒருமுறை இருந்து, மடிக்கப்பட்டு, மீண்டும் அவரது பைக்குள் போனது. பிறகு எல்லோருமாகத் தேநீர் குடித்தோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.