ஆமை இருக்கட்டும், வடிகாலைக் காட்டுங்கள்

ஏப்ரலில் பூமி தினம் நெருங்கிவிட்டால் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் நடைகூடத்துக்கு ஓர் ஆமை வந்து சேரும். பாட்டில் மூடிகளை ஒட்டிச் செய்த ஓடு, சுற்றிலும் நீலத் துணி, மூக்கில் செருகிய ஸ்ட்ரா. பெற்றோர்கள் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவார்கள். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும்போது அந்த ஆமை பசையும் பெயின்ட்டுமாகக் குப்பைத் தொட்டிக்குப் போகும். ஐந்தாறு வகைப் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிவிட்டதால் மறுசுழற்சிக்கும் ஆகாது.

கலிபோர்னியாவின் குபெர்டினோ நகர மாணவர்கள் கடல் பிளாஸ்டிக்கைப் பற்றி இதைவிடப் பெரிதாக, பார்வையாளர் உள்ளே நுழைந்து நடந்து பார்க்கும் கலைக்கூடமாக ஒன்றை அமைக்க முன்வந்தால் பள்ளி நிர்வாகமும் நகராட்சியும் இடமும் பணமும் தர வேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் கடல் எங்கே தொடங்குகிறது என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பள்ளியின் கார் நிறுத்துமிடத்து ஓரம், இரும்புக் கம்பி போட்ட மழைநீர் வடிகாலில் அது தொடங்க வேண்டும்.

காரணம் இந்த ஊரின் நிலவமைப்பு. சாண்டா குரூஸ் மலையில் பிறக்கும் ஸ்டீவன்ஸ் ஓடை, நீர்த்தேக்கத்தைத் தாண்டி, மெக்கிளெல்லன் ராஞ்ச், பிளாக்பெரி ஃபார்ம் பூங்காக்களின் ஊடாகக் குபெர்டினோவைக் கடக்கிறது. பிறகு 85-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியபடியே வடக்கே போய், மவுண்டன் வியூ பக்கம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் தென்பகுதியில் கலக்கிறது. வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் வழியும் தண்ணீர் சான் ஹோசே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். தெருவோர வடிகாலில் விழும் மழைநீருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அது நேரே ஓடைக்கு, அங்கிருந்து வளைகுடாவுக்கு, கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில் பசிபிக்குக்கு. வடிகால் ஓரத்தில் 'இங்கே கொட்டாதீர்கள், வளைகுடாவுக்குப் போகிறது' என்ற பொருளில் எழுதியிருப்பதைத் தினமும் மிதித்துக்கொண்டுதான் பிள்ளைகள் காரில் ஏறுகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோ கழிமுக ஆய்வு நிறுவனமும் ஃபைவ் ஜயர்ஸ் என்ற அமைப்பும் மூன்றாண்டு ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்ட கணக்கு இந்த வழியின் கனத்தைச் சொல்கிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 7 லட்சம் கோடி நுண்துகள்கள் மழைநீரோடு இந்த வளைகுடாவுக்குள் வருகின்றன. சுத்திகரிப்பு நிலையங்கள் வழியே வருவதைப்போல் இது சுமார் 300 மடங்கு. அந்தத் துகள்களில் ஏறத்தாழப் பாதி எது தெரியுமா? ஸ்ட்ரா இல்லை, பை இல்லை, பாட்டிலும் இல்லை. கார் டயர் தேய்ந்து உதிர்ந்த கறுப்புத் தூள்.

இந்த ஒரு தகவல் ஆமைக் கலையை ஆட்டிவிடுகிறது. கார் டயரில் செயற்கை ரப்பர் கணிசமாக இருக்கிறது. அது சீக்கிரம் வெடித்து இற்றுப் போகாமலிருக்க ஒரு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து அது வேறொன்றாக மாறி, மழைநீரில் கரைந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். மின்சாரக் கார் வாங்கிவிட்டோம், நம் பங்கு முடிந்தது என்று நினைக்கும் வீடுகள் இந்த ஊரில் அதிகம். புகை போனது உண்மை. டயர் போகவில்லை, பேட்டரியின் பாரத்தால் வண்டியின் எடைதான் கூடியிருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? வளைகுடாப் பகுதியின் நீர்த்தர வாரியம், வடிகால் வழியே போகும் குப்பையை 2025 ஜூன் 30-க்குள் முழுவதுமாக நிறுத்த வேண்டும் என்று நகரங்களுக்குக் கெடு வைத்தது. அதற்காக வடிகால்களுக்குள் பொருத்தும் வடிகட்டிகளுக்கு ஓர் அளவு உண்டு: 5 மில்லிமீட்டர் கண் உள்ள வலையில் எது சிக்குமோ அது சிக்க வேண்டும். சிப்ஸ் பாக்கெட் சிக்கும், பாட்டில் மூடி சிக்கும். நுண்பிளாஸ்டிக் என்று அறிவியல் எதைச் சொல்கிறது? 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதை. ஆக, வடிகட்டியின் கண் முடிகிற இடத்தில்தான் பிரச்சினையின் சிறிய, கணக்கற்ற பாதி ஆரம்பிக்கிறது. விதியை எழுதியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாக்கெட்டுகளாவது நிற்கின்றன. ஆனால் கலை நிற்க வேண்டிய இடம் அந்த வலையின் மறுபக்கம்.

அதை எப்படிக் காட்டுவது? பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் குனிந்து நுழையும்படி ஒரு குழாய்ப் பாதை. தலைக்கு மேலே வண்டிகள் போகும் சத்தம். பாதையின் நடுவே, உண்மையான வடிகட்டியின் அதே 5 மில்லிமீட்டர் கண் கொண்ட கம்பி வலை. வலைக்கு இப்பக்கம் மாணவர்கள் ஓடைக்கரையிலும் பள்ளி வளாகத்திலும் பொறுக்கிய உறைகள், மூடிகள், சிகரெட் பஞ்சுகள் (அந்தப் பஞ்சும் பிளாஸ்டிக் இழைதான்). வலையைக் கடந்தால் வண்ணம் எதுவும் இல்லை. வெள்ளைத் துணி மேல் கார் நிறுத்துமிடத்தில் கூட்டியெடுத்த, டயர்த் துகளும் மண்ணும் கலந்த கறுப்புப் பொடி, பக்கத்துக் கண்ணாடிச் சாடியில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் சல்லடையிலிருந்து எடுத்த பஞ்சு, ஒரு நுண்ணோக்கி. அவ்வளவுதான். ரோட்டுத் தூசியைக் கையாளப் பிள்ளைகளுக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். நுண்ணோக்கி வேண்டுமானால் டி அன்சா கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் படிப்புக்கென்றே அங்கே கிர்ஷ் மையம் உண்டு, யூஃப்ராட் கலை அருங்காட்சியகமும் உண்டு.

அழகாக இருக்காதே என்று கலை ஆசிரியர்கள் கவலைப்படலாம். முன்னோடிகளைப் பார்த்தால் அந்தக் கவலை குறையும்.

2018 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் கிரிஸ்ஸி ஃபீல்டில் 82 அடி நீளத் திமிங்கிலம் ஒன்று நின்றது. மாண்டரே பே மீன்காட்சியகத்தின் ஏற்பாட்டில் இரண்டு கலைஞர்கள் வீசியெறிந்த பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது. ஒரு நீலத் திமிங்கிலத்தின் எடைக்குச் சமமான பிளாஸ்டிக் ஒன்பதே நிமிடத்தில் கடலுக்குள் போகிறது என்பது அது சொன்ன சேதி. நல்ல கணக்குதான். ஆனால் பார்த்தவர் பிரமித்து, படம் எடுத்து, வீட்டுக்குப் போகலாம். அந்த ஒன்பது நிமிடத்தில் தன் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழாது. சிங்கப்பூர்க் கலைஞர் டான் ஸீ ஷீ 2016-இல் சிங்கப்பூர் கலை அருங்காட்சியகத்தில் அமைத்த 'பிளாஸ்டிக் ஓஷன்' இன்னும் ஒரு படி மேல். இருபதாயிரத்துக்கும் அதிகமான குப்பைத் துண்டுகளைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, கடலடியில் நிற்கும் மூச்சுமுட்டலை உண்டாக்கினார்.

இந்த மண்ணுக்கு மிக நெருங்கிய பாடம் வேறொன்று. ஜூடித் செல்பி லாங், ரிச்சர்ட் லாங் என்ற கலைத் தம்பதி 1999-லிருந்து பாயிண்ட் ரேயஸில் உள்ள கீஹோ கடற்கரையின் ஒரே ஓர் ஆயிரம் கெஜ நீளத்தைத் திரும்பத் திரும்ப நடந்து, ஒதுங்கிய பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, கழுவி, வகை பிரித்து வைத்தார்கள். அவர்களுக்கு அடிக்கடி கிடைத்தவற்றில் ஒன்று, சீஸும் பிஸ்கட்டும் சேர்ந்த சிற்றுண்டிப் பெட்டியில் சீஸைத் தடவ வைக்கும் சின்னச் சிவப்புக் குச்சி. அமெரிக்கப் பிள்ளை யாருக்கும் அது என்னவென்று சொல்லித்தர வேண்டாம். மதிய உணவுப் பையில் வந்ததுதான். திமிங்கிலம் காட்டாததை அந்தக் குச்சி காட்டிவிடுகிறது. ஒரே இடத்துக்குப் பல வருடம் போய்ப் பொறுக்கியதால் கிடைத்த பலன் அது. ஒரு சனிக்கிழமைப் பொறுக்கலில் கிடைத்திருக்காது.

கிறிஸ் ஜோர்டன் 2009-இல் மிட்வே தீவில் எடுத்த ஆல்பட்ராஸ் குஞ்சுகளின் படங்களும் இப்படித்தான். இறந்து மக்கிய பறவையின் வயிற்றிடத்தில் மூடிகளும் லைட்டர்களும். ஒரு துண்டைக்கூட இடம் மாற்றவில்லை, அடுக்கவில்லை என்றார் அவர். அந்தப் படங்களின் பலமே அந்த ஒழுக்கம்தான். மாணவர்களும் முதலில் எண்ணட்டும், எங்கே எடுத்தது என்று எழுதி வைக்கட்டும், பிறகு கலை செய்யட்டும்.

செய்பொருள் விஷயத்தில் கண்டிப்பு தேவை. பள்ளிகளில் புழங்கும் அக்ரிலிக் பெயின்ட்டே பிளாஸ்டிக்தான். தூரிகையைக் கழுவினால் அது தொட்டி வழியே போகும். சூடாக்கி ஒட்டும் பசைக் குச்சியும் பிளாஸ்டிக். மினுக்கும் கிளிட்டர் தூள் பிறக்கும்போதே நுண்பிளாஸ்டிக்; உதிர்ந்து பரவும் அந்த வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து கட்டுப்படுத்தியிருக்கிறது. கடல் மாசைக் காட்டக் கடையில் போய்ப் புது மினுக்கு வாங்கிவருவது நகைச்சுவை. ஒட்டாமல் கயிற்றில் கட்டலாம், தைக்கலாம், கம்பியில் கோக்கலாம். கண்காட்சி முடிந்தால் பிரித்து வகைப்படுத்தவும் முடியும்.

இன்னொன்று: உறைகளின் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம். கம்பெனிப் பெயர் தெரியட்டும். 1953-இல் பானம், பேக்கேஜிங் நிறுவனங்களின் ஆதரவோடு உருவான 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' அமைப்பு, 1971-இல் கண்ணீர் விடும் செவ்விந்தியர் விளம்பரத்தின் மூலம் குப்பைக்குக் காரணம் குப்பை போடுகிறவனே என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தியது. தயாரித்தவன் காட்சியிலிருந்து நழுவிவிட்டான். கலிபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞர் ராப் பாண்டா 2024 செப்டம்பரில் எக்ஸான்மோபில் மேல் தொடுத்த வழக்கு அந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்கிறது: மறுசுழற்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்று மக்களை நம்பவைத்தது யார்? பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் குற்ற உணர்ச்சியை ஏற்றும் கலை, 1971 விளம்பரத்தின் பேரப்பிள்ளைதான்.

சட்டத்தின் ஓட்டைகளையும் காட்டலாம். குபெர்டினோ 2013 அக்டோபரில் கடைகளின் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டது. மறு ஆண்டு மாநிலமும் சட்டம் இயற்றியது. பை தயாரிப்பாளர்கள் பொதுவாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். 2016 நவம்பரில் மக்கள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். ஆனால் 'மறுபடி பயன்படுத்தலாம்' என்று அச்சிட்ட தடித்த பிளாஸ்டிக் பை பத்து சென்ட்டுக்கு உள்ளே நுழைந்துவிட்டது. அந்த வழியை அடைக்க 2024-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரி 1-இல். அந்தத் தடித்த பை ஒன்று கூடத்தில் தொங்க வேண்டும், இந்த ஆண்டுகளோடு.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்க்கக் கூடியது ஒன்று உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பருப்பு அளவே உள்ள மூலப்பொருள் மணிகள், கரையெல்லாம் பனி பெய்ததுபோல் குவிந்தன. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதே வகை மணிகள் கேரளத்தைத் தாண்டிக் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தன. அங்கே மணியைச் சல்லடையால் சலித்தவர்கள் ஊர்க்காரர்கள். எந்த வீட்டிலும் யாரும் பயன்படுத்தியே இராத, கடைக்கே வராத பிளாஸ்டிக் அது. பொறுப்பில்லாத வாடிக்கையாளர் என்ற கதை அங்கே எடுபடாது. தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்த குரல்கள் அந்தக் குழாய்ப் பாதையில் ஒலிக்கலாம்.

கூடவே நம் பந்தியும் வெளியே வரட்டும். வாழை இலை அச்சிட்ட, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டு, ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில் என்று பொங்கல் விழா முடிந்தபின் பள்ளி அரங்கின் வாசலில் நிற்கும் கறுப்புப் பைகளை எண்ணிப் பார்க்கத் தமிழ்ப் பள்ளி மாணவர்கள் போதும். தமிழ்நாடு 2019 ஜனவரியிலேயே இந்த வகைத் தட்டுகளுக்குத் தடை விதித்துவிட்டது. அங்கே தடை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது தனிக் கதை. இங்கே தட்டை மாற்ற விழாக் குழுவின் ஒரு தீர்மானமே போதும்.

இதெல்லாம் கல்லூரி விண்ணப்பத்துக்கான அலங்காரம் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. இந்த ஊரில் அது முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ந்தால் சேரட்டும். ஆனால் திட்டம் ஒரு மாணவரின் பெயரில் பிறந்து அவர் பட்டம் வாங்கும் ஜூனில் சாகக் கூடாது. ஒரே வடிகால்கள், ஒரே ஓடைக்கரை, ஆண்டுதோறும் புது வகுப்பு என்று பள்ளியின் பெயரில் நடக்க வேண்டும். கண்காட்சியின் முதல் வாரம் நகர மன்றத்தின் சமுதாயக் கூடத்தில் நடக்கட்டும். மாணவர்கள் எடுத்த எண்ணிக்கை மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும். எந்த வடிகாலுக்கு வடிகட்டி இருக்கிறது, பள்ளி வாசல் தெருக்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட்டுகிறார்கள் என்பதற்கு நகராட்சி எழுத்தில் பதில் தர வேண்டும்.

கால அட்டவணையை மழை தீர்மானிக்கிறது. இங்கே மே முதல் செப்டம்பர் வரை அநேகமாக மழை கிடையாது. அத்தனை மாதத் தூளும் உறையும் தெருவிலேயே கிடந்து, முதல் மழையில் ஒன்றாக ஓடைக்குள் இறங்கும். கலிபோர்னியாவின் கடற்கரைத் தூய்மை நாள் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. எண்ணும் வேலையை அன்றைக்கே தொடங்கி முதல் மழைக்குள் முடிக்க வேண்டுமானால், ஆகஸ்ட்டில் பள்ளி திறந்த வாரத்திலேயே பள்ளி மாவட்டம் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.