மண் வாங்கிய 80 மார்க்

போன மாதம் சபாக்கில் இருக்கும் மாமா கூப்பிட்டார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் சொந்த நிலத்தில் வீடு கட்டப் போகிறார். கையில் மண் பரிசோதனை அறிக்கை.

“எல்.எல். 80னு போட்டிருக்கு. 80 மார்க் நல்ல மார்க்தானே?”

சிரித்துவிட்டு, “பக்கத்தில் ஈரப்பதம் எவ்வளவு, மாமா?” என்றேன்.

“95.”

சிரிப்பு நின்றுவிட்டது.

எல்.எல். என்பது லிக்விட் லிமிட், அதாவது நீர்ம எல்லை. சப்பாத்தி மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு கட்டத்தில் உருட்ட வராது, கூழாகிவிடும். களிமண்ணுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. 1911இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் அட்டர்பர்க் இதை வகுத்தார்.

பரிசோதனைக் கூடத்தில் மண்ணை 0.425 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கிண்ணத்தில் நிரப்புவார்கள். 80 கிராம் எடையுள்ள கூம்பின் முனை மண்ணைத் தொட்டபடி இருக்கும். அதை 5 விநாடி விடுவித்து, எவ்வளவு இறங்கியது என்று அளப்பார்கள். பிறகு அந்த மண்ணை எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போடுவார்கள். ஈர மண் 38 கிராம், உலர்ந்தபின் 20 என்றால் நீர் 18. அதை 20ஆல் வகுத்தால் 90 விழுக்காடு. உலர்ந்த மண்ணின் எடையோடு ஒப்பிடுவதால் இந்த எண் 100ஐயும் தாண்டலாம்.

நீரைக் கூட்டிக்கூட்டி இதையே நான்கு முறை செய்வார்கள். உதாரணத்துக்கு, கூம்பு 15, 18, 22, 25 மில்லிமீட்டர் இறங்கியபோது ஈரம் 70, 76, 84, 90 விழுக்காடு என்று வையுங்கள். வரைதாளில் புள்ளி வைத்து நேர்கோடு போட்டு, 20 மில்லிமீட்டருக்கு நேரே பார்த்தால் 80 வரும். அதுதான் நீர்ம எல்லை.

ஆக, 80 மார்க் அல்ல, எல்லைக்கோடு. மாமா நிலத்து மண் 95இல் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. சபாக், சுங்கை பெசார் பக்கமெல்லாம் கடலோரச் சமவெளி. அடியில் மென்மையான கடல் களிமண். குலைக்காதவரை ஓரளவு தாங்கும். தோண்டிக் குலைத்தால் கூழ். மேலே மண் கொட்டி மேடாக்கினால், அந்தப் பாரமே நீரைப் பிழிந்து, தரை ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும். பைலிங் போட்ட வீடு நிற்க, கார் நிறுத்துமிடமும் பின்கட்டும் மட்டும் இறங்கி விரிசல் விடுவது இதனால்தான்.

இந்த ஓர் எண்ணை வைத்து அடித்தளத்தை முடிவு செய்யவும் கூடாது. இது பிசைந்த மண்ணின் கணக்கு. வீடு கட்டப் போகிறவர்கள் பொறியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இயற்கை ஈரப்பதம் நீர்ம எல்லைக்குக் கீழா, மேலா? மென்மையான களிமண் எத்தனை மீட்டர் ஆழம்? மேடாக்கினால் தரை எவ்வளவு இறங்கும், எத்தனை ஆண்டில்?

மாமா அந்த மூன்றையும் எழுதிக்கொண்டார். மண் லாரியை நிறுத்தி வைத்திருக்கிறார். “பதில் வரட்டும்டா. முப்பது வருசம் சேர்த்த காசு, சேத்துல போகக் கூடாது” என்றார்.