மலையில் பிறக்கும் மின்சாரம், மலைக்கு வராத மின்சாரம்

கடம்பாறை என்ற பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? ஆனைமலைக்குள், மலையைக் குடைந்து கட்டிய மின்நிலையம். 1980களின் கடைசியில் ஓடத் தொடங்கியது. 4 எந்திரங்கள், 400 மெகாவாட். இரவில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு மேல் ஆழியாறு அணையின் நீரைத் திரும்ப மேலே ஏற்றுவார்கள். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடும் வேளையில் அந்த நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நகரத்தில் டிவியும் ஏசியும் ஓட, ஒரு மலையே இரவு பகலாக வேலை செய்கிறது.

அதே ஆனைமலைத் தொடரில் காடர், முதுவர், மலசர், மலை மலசர், இரவாளர், புலையர் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் இரண்டு இரவு தங்கினோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. நாங்கள் இறங்கி வந்துவிடுவோம், செக்போஸ்ட்டைத் தாண்டி தினமும் போய்வர வேண்டியவர்கள் அவர்கள். ஆறரை மணிக்கு இருட்டிவிட்டது. தூரத்தில், மலைச்சரிவில் உயரழுத்தக் கோபுரங்கள் வரிசையாகக் கீழே இறங்கிப் போவது மங்கலாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூப்பன் ஐயா, "அது எங்க மலைக் கரண்டுதான் சாமி. எங்களைப் பாக்காமலே போகுது" என்றார்.

இந்த இருட்டுக்குத் தூரம் காரணம் இல்லை. மேலே இருக்கும் மின்சாரத்தைச் சமவெளிக்கு இறக்கத் தெரிந்த அரசுக்கு, வழியில் இருக்கும் முப்பது வீட்டுக்குக் கொடுக்கத் தெரியாதா? கொடுக்க வேண்டாம் என்று யாரோ முடிவு எடுத்திருக்கிறார்கள். அந்த முடிவு எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. ஆண்டுக்கு ஆண்டு "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலாகத்தான் வரும்.

கீழே இறங்கி ஓர் அலுவலகத்தில் கேட்டோம். அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கிராமம் மின்மயமாக்கப்பட்டது என்று இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அரசின் கணக்கு அப்படி.

1997 வரை, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்மயமான கிராமம். ஒரு பண்ணையாரின் மோட்டார் ஓடினால் ஊருக்கே விளக்கு எரிந்ததாகக் கணக்கு. 2004இல் வரையறையை மாற்றினார்கள். டிரான்ஸ்பார்மரும் மின்கம்பியும் ஊருக்கும் தலித் குடியிருப்புக்கும் வர வேண்டும், பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு இணைப்பு வேண்டும், 10 சதவீத வீடுகளில் மின்சாரம் இருக்க வேண்டும். தலித் குடியிருப்பு என்று தனியாக எழுத வேண்டி வந்ததே, ஊரையும் சேரியையும் மின்கம்பி எப்படிப் பிரித்து வைத்திருந்தது என்பதற்கு அரசே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். ஆனாலும் பாருங்கள், 100 வீட்டில் 90 வீடு இருட்டில் இருந்தாலும் அது மின்மயமான கிராமம்தான். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் வருகிறது என்ற கேள்வியே அந்த வரையறையில் கிடையாது.

இந்தக் கணக்கை வைத்துத்தான் 2018 ஏப்ரல் 28 அன்று, மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் வந்ததும், நாட்டின் எல்லாக் கிராமங்களும் ஒளிபெற்றதாக ஒன்றிய அரசு கொண்டாடியது. எண்ணப்பட்டவை கம்பங்கள். மலை மேலிருக்கும் குடியிருப்பு, அடிவாரக் கிராமத்தின் கணக்கில் கரைந்துபோகிறது.

"சோலார் கொடுத்தோமே" என்பார்கள். 2017இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில் கம்பி போகாத வீடுகளுக்கு 5 எல்இடி பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு பிளக், 5 ஆண்டுப் பராமரிப்பு என்று அறிவித்தார்கள். சோலார் தகடு நல்ல பொருள்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் சூரியனே தெரியாத மலையில், பேட்டரி செத்த பிறகு யார் வந்து மாற்றுவது? நாங்கள் தங்கிய வீட்டில் பேட்டரிப் பெட்டியின் மேல் ராகி மூட்டை வைத்திருந்தார்கள். ரேஷன் மண்ணெண்ணெயையும் வெட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். பழைய விளக்கும் போயிற்று, புது விளக்கும் எரியவில்லை.

இருட்டு மட்டும் என்றால்கூட, இத்தனை தலைமுறை பழகியவர்கள் என்று யாராவது வாதாடலாம். ஆனால் அதே அரசு தன் வாசல்கள் எல்லாவற்றையும் செல்போனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. 100 நாள் வேலையின் வருகைப் பதிவு 2023 ஜனவரி முதல் செயலியில்தான். அங்கன்வாடிப் பதிவும் செயலியில். கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பம், அதற்கு ஓடிபி. அந்தக் குடியிருப்பின் பெண்கள் கீழே எஸ்டேட் கடையில் ஒரு போனுக்கு இருபது ரூபாய் கொடுத்து சார்ஜ் போட்டு வருகிறார்கள். போய்வர அரை நாள். சார்ஜ் தீர்ந்தால் வேலை செய்த நாளும் கணக்கில் வராது. கரண்ட் கொடுக்காத அரசு, கரண்ட் இல்லாதவர்களின் கூலியைப் பிடித்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் டிஜிட்டல் இந்தியாவாம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, கிராமங்களுக்கும் குக்கிராமங்களுக்கும் மின்சாரம் சேர்ப்பது ஒன்றிய, மாநில அரசுகளின் கூட்டுப் பொறுப்பு என்கிறது. 43ஆம் பிரிவின்படி, கேட்டவருக்கு ஒரு மாதத்துக்குள் இணைப்பு கொடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே பிரிவிலேயே, மின்வசதியே இல்லாத குக்கிராமம் என்றால் ஒழுங்குமுறை ஆணையம் தேவையான அளவு காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரமும் மின்சாரம் தர வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகள். மீட்டரே இல்லாதவர் நுகர்வோர் ஆவது எப்படி? இருப்பவருக்குத்தான் உரிமை, இல்லாதவருக்குக் காத்திருப்பு.

அடுத்து காட்டைக் காட்டுவார்கள். புலிகள் காப்பகம், கம்பி இழுக்க முடியாது என்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படியுங்கள். பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் ஒதுக்கலாம். 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் எதைச் சொன்னாலும் இது செல்லும். யானைக்கு ஆபத்து என்கிறார்கள். அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு, அந்த மக்களுக்கு எங்களைவிட அதிகம் உண்டு. அதற்கு உறையிட்ட கம்பி இருக்கிறது, புதைவடம் இருக்கிறது. அணைக்கும் சுரங்கத்துக்கும் கோபுரத்துக்கும் வழிவிட்ட காடு, ஒரு பல்புக்கு மட்டும் ஏன் புனிதமாகிறது?

இதில் சாதி எங்கே வந்தது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த மலையின் புலையர் மக்கள் அரசுப் பட்டியலில் பட்டியல் சாதியினர். அதனால் வன உரிமைச் சட்டத்தில் நிலத்துக்கு உரிமை கோர, பழங்குடிகளுக்கு இல்லாத ஒரு நிபந்தனை அவர்களுக்கு உண்டு. 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பத்திரமும் பட்டாவும் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், சான்று காட்ட? வால்பாறைத் தேயிலைக் காட்டில் லைன் வீடுகளில் தலைமுறைகளைக் கழித்தவர்களிலும் பெரும்பகுதி தலித்துகள். சமவெளிக்கு வந்தால், டிரான்ஸ்பார்மர் ஊருக்குள், அதன் கம்பியின் கடைசி நுனி காலனியில். மாலை ஏழு மணிக்கு ஊரில் மிக்ஸி ஓடும், காலனியில் டியூப்லைட் கண்ணடிக்கும். புகார் செய்தால் லைன்மேன் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறார் என்பது நமக்குத் தெரியாதா? மலையின் இருட்டும் காலனியின் லோ வோல்டேஜும் ஒரே கம்பியில் வருகிறவை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் 1944இல் அமைந்தது அந்தக் காலத்தில்தான். நாட்டின் மின்திட்டத்துக்கு அடித்தளம் போட்டவரின் மக்கள், இன்று ஒரு மீட்டர் பெட்டிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இளம் தோழர்களிடம் நாங்கள் கேட்பது அனுதாபம் அல்ல, வேலை. உங்கள் ஊரின் காலனியில் ஒரு நோட்டைக் கொடுங்கள். கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது, எந்த நேரம் மங்கியது என்று ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள். அதே டிரான்ஸ்பார்மரில் ஊர்த் தெருவிலும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து மக்கள் குறைதீர் கூட்டத்தில் மேசையில் போடுங்கள். மின்வாரியத்திடம் ஆர்டிஐ போட்டு, ஃபீடர் வாரியாக மின்தடை விவரம் கேளுங்கள். மலைக் குடியிருப்புகளில் வேலை செய்பவர்கள், 3(2) பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு கிராம சபையில் தீர்மானம் போடவையுங்கள். மனுவைப் போல அதை எளிதாகக் குப்பையில் போட முடியாது, மறுப்பவர் எழுத்தில் மறுக்க வேண்டும். அந்த எழுத்து நமக்கு வேண்டும்.

நாங்கள் இறங்கி வந்த காலையில் ஓர் அக்கா தன் போனையும் பக்கத்து வீட்டுப் போன்கள் நான்கையும் ஒரு துணிப்பையில் போட்டு எங்களோடு நடந்தார். சார்ஜ் போடத்தான். வழியில் அந்தக் கோபுரங்களின் அடியில்தான் நடந்தோம். மேலே கம்பி உறுமிக்கொண்டிருந்தது.